பழைய பாய்மரப் படகில் இடிதாங்கியையும் எர்த்தையும் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1970களிலும் 80களிலும் கட்டிய ஃபைபர் பாய்மரப் படகுகள் ஃபுளோரிடா கடலோரத்திலும் செசபீக் விரிகுடாவிலும் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றில் பலவற்றில் பாய்மரத்தின் அடியிலிருந்து ஒரு தடித்த கேபிள் படகின் அடியில் துடுப்பு போல நீட்டியிருக்கும் கனமான பகுதியான கீலை நோக்கி இறங்கும். படகை விற்பவர் அதைக் காட்டி "எர்த் எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார். கேபிள் இருப்பது உண்மைதான். மின்னலுக்கு வேண்டியதோ உச்சியிலிருந்து கடல்நீர் வரை எங்கும் அறுபடாத உலோகப் பாதை. நாற்பது ஆண்டு உப்புக்காற்றில் கேபிளின் நடுப்பகுதி பெரும்பாலும் தாங்கிவிடும். கெடுவது இணைப்புகள்: லக் (கேபிள் முனையில் பொருத்தும் துளையுள்ள உலோகக் காது), போல்ட், வாஷர், பெயின்டுக்கு அடியில் இருக்கும் உலோக முகம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் இணைப்புகளைப் பற்றியே பேசுகிறோம்.

அளவுகளுக்கு அமெரிக்கப் படகுத் தர மன்றமான ஏ.பி.ஒய்.சி.யின் டி.இ.-4 பரிந்துரையையும், அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.யின் 780 தரத்தையும் அடிப்படையாகக் கொண்டிருக்கிறோம். எடுத்துக்காட்டுப் படகு சுமார் 9 முதல் 10 மீட்டர் நீளம், ஃபைபர் உடல், அலுமினியப் பாய்மரம்.

இதனிடம் எதை எதிர்பார்க்கலாம்?

எந்த இடிதாங்கியும் மின்னல் விழுவதைத் தடுக்காது. விழும் மின்னோட்டத்தை ஆட்களையும் படகின் உடலையும் விட்டு விலக்கித் தண்ணீருக்குள் இறக்குவதே அதன் வேலை. உச்சியில் மாட்டும் பிரஷ் போன்ற கம்பிக்கொத்துகள் மின்னூட்டத்தைக் கசியவிட்டு மின்னலையே வரவிடாமல் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மின்னல் ஆய்வாளர்கள் மார்ட்டின் உமானும் விளாதிமிர் ராக்கோவும் 2002இல் இத்தகைய சாதனங்களை ஆராய்ந்து, அந்தக் கூற்றுக்கு ஆதாரமில்லை என்றே எழுதினார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல கேபிளும் லக்கும் வாங்குங்கள்.

அடிப்படைக் கொள்கை பழையது. 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலின் மரத்தாலான பாய்மரங்களில் வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் வடிவமைத்த செப்புத் தகடுகள் பதிக்கப்பட்டிருந்தன. உச்சியிலிருந்து கப்பலின் அடிப்பகுதி வரை அறுபடாத செம்பு. இன்றும் நாம் தேடுவது அதைத்தான்.

தேவையான கருவிகள்

மில்லிவோல்ட் அளவில் 0.1 வரை காட்டும் மல்டிமீட்டர். படகின் பேட்டரியோடு சேராத தனி 12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர் ஃபியூஸ், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு. உச்சியிலிருந்து கீழே வரை எட்டும் இரண்டு நீண்ட வயர்கள். 15 மீட்டர் பாய்மரத்துக்குத் தலா 20 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் அளக்கும் சில்வர் குளோரைடு மின்முனை ஒன்று. கம்பி பிரஷ், உப்புத்தாள், லக்கைக் கேபிளில் நசுக்கிப் பொருத்தும் ஹைட்ராலிக் கிரிம்ப் கருவி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய்.

வேலையைத் தொடங்குமுன், துறையிலிருந்து படகுக்கு வரும் கரை மின்சாரத்தின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இடி கேட்கும் நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பாய்மரம் ஏறுபவருக்கு ஹார்னஸும், தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டாயம்.

முதல் படி: படம் வரையுங்கள்

பழைய படகில் மூன்று நான்கு உரிமையாளர்கள் கைவைத்திருப்பார்கள். பச்சை வயர் என்றால் எர்த் என்று நம்பிவிட முடியாது. ஒரு தாளில் படகின் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து, பாய்மரம், வடக்கம்பிகள் (பாய்மரத்தை இழுத்துப் பிடிப்பவை), செயின்பிளேட்கள் (வடக்கம்பிகளைப் படகின் உடலோடு பிடிக்கும் உலோகத் தகடுகள்), எஞ்சின், டாங்குகள், சீகாக்குகள் (படகின் உடலைத் துளைத்து நீரை விடும் வால்வுகள்), கீல் போல்ட்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு வயரையும் கையால் தொட்டுத் தொடர்ந்து போய், முடியும் இடத்தைக் கோடாக வரையுங்கள். தரைப்பலகைக்குக் கீழே எங்கும் போகாமல் தொங்கும் முனைகள் தென்படும். அவற்றை இப்போது வெட்டாதீர்கள்; சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

உச்சி

மேலே மின்னலை வாங்கும் கம்பி, அங்கிருக்கும் வேறு எதையும் விட குறைந்தது 15 செ.மீ. உயரமாக நிற்க வேண்டும். பல படகுகளில் வி.எச்.எஃப். ரேடியோவின் ஆன்டெனாதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். அப்படி இருந்தால் முதல் அடி ஆன்டெனாவுக்கு விழும். அங்கிருந்து ரேடியோவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள் வழியே நேராக உங்கள் வரைபட மேசைக்கு வரும். கம்பி செம்பானால் 9.5 மி.மீ. விட்டம், அலுமினியமானால் 12.7 மி.மீ. விட்டம்.

கம்பியின் அடித்தளம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே இங்கு முக்கியம். அலுமினியப் பாய்மரங்களில் அனோடைஸ் பூச்சு இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. பெயின்டும் அப்படித்தான். ஸ்க்ரூ மறை வழியாக மட்டும் தொடர்பு இருக்கும். அந்த மறையிலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அடித்தளத்தைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, உடனே இறுக்குங்கள். லானோலின் கிரீஸை இறுக்கிய பிறகு வெளிப்பக்கம் தடவுங்கள். செப்புக் கம்பியையோ செப்பு லக்கையோ அலுமினியத்தின்மேல் நேராக வைக்காதீர்கள். உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். தகரம் பூசிய லக், இடையில் ஸ்டெயின்லெஸ் வாஷர் என்று அடுக்குங்கள்.

பாய்மரம் மரத்தாலானது என்றால் உச்சியிலிருந்து கீழே வரை தனி செப்புக் கேபிள் ஓட வேண்டும். அலுமினியப் பாய்மரமே போதுமான கடத்தி. அதற்குள் இன்னொரு கேபிள் தேவையில்லை.

பாய்மரத்தின் அடி

இரண்டு வகை உண்டு. பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீல் மேலேயே நின்றால் பாதை குறுகியது. அடியிலிருந்து அருகிலுள்ள கீல் போல்டுக்கு ஒரு கேபிள் போதும். கேடலினா 30 போன்ற படகுகளில் பாய்மரம் தளத்தின் மேல் நிற்கும். அதன் பாரத்தை உள்ளே ஒரு மரத்தூண் தாங்கும். மரத்தூண் மின்னலைக் கடத்தாது. எனவே பாய்மரத்தின் அடியிலிருந்து தளத்தைத் துளைத்து, தூணின் பக்கவாட்டில் இறங்கி, கீல் போல்ட் வரை தனிக் கேபிள் வேண்டும். பழைய படகுகளில் அதிகம் விடுபட்டிருப்பது இந்தப் பகுதிதான். கேபிள் இருந்தாலும், பாய்மரத்தை இறக்கி ஏற்றியவர்கள் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். முதலில் இங்கே பாருங்கள்.

இறங்கும் கேபிள்

முதன்மைக் கேபிள் குறைந்தது 4 கேஜ், அதாவது 21 ச.மி.மீ. செம்பு. மெட்ரிக் அளவில் வாங்குபவர்கள் 25 ச.மி.மீ. எடுத்துக்கொள்ளலாம். பழைய படகில் 8 கேஜ் இருந்தால் (சுமார் 8 ச.மி.மீ.) தயங்காமல் மாற்றுங்கள். பின்னல் போன்ற செப்புப் பட்டையும் வேண்டாம். அதன் இழைகளுக்கிடையே ஈரம் தங்கி உள்ளிருந்தே பொடிந்துபோகும்.

எவ்வளவு தடிமனோ அதே அளவு முக்கியம் கேபிள் போகும் பாதை. மின்னலின் மின்னோட்டம் மைக்ரோ நொடிகளில் ஏறுகிறது. நேரான கேபிளுக்கும் மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி தூண்டம் உண்டு. ஒரு மைக்ரோ நொடியில் 10,000 ஆம்பியர் ஏறினால், ஒரு மீட்டர் கேபிளின் இரு முனைகளுக்கிடையே 10,000 வோல்ட் தோன்றிவிடும். கேபிள் எவ்வளவு தடித்திருந்தாலும் இது பெரிதாகக் குறையாது. அதனால்தான் பாதை குறுகலாகவும் நேராகவும் இருக்க வேண்டும். வளைவின் ஆரம் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. எந்தத் திருப்பமும் 90 பாகையை விடக் கூர்மையாக இருக்கக் கூடாது. அழகுக்காக அலமாரியின் மூலையை ஒட்டி மடித்து மடித்துக் கொண்டுபோன கேபிளைவிட, கண்ணில் படும்படி நேராக இறங்கும் கேபிள் பல மடங்கு நல்லது. மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துத் தள்ளி வையுங்கள்.

இனி லக்கைச் சோதியுங்கள். ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கீறி எடுத்துவிட்டு, லக்கிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் கேபிளின் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு இளஞ்சிவப்பாக மின்னினால் கிரிம்ப் வரை நல்லது. கறுத்திருந்தாலோ பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ இழைகளுக்கிடையே உப்புநீர் ஏறிவிட்டது என்று பொருள். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில நேரம் ஒரு மீட்டர் வரை வெட்ட நேரும். அப்போது புதுக் கேபிளே போட்டுவிடுங்கள். சால்டர் மட்டும் வைத்து ஒட்டிய இணைப்பு எங்கிருந்தாலும் அதை வெட்டிவிட்டுக் கிரிம்ப் செய்யுங்கள். மின்னல் பாயும்போது சால்டர் உருகி இணைப்பு விட்டுவிடும்.

தண்ணீரில் முடியும் இடம்

வெளியே போல்ட் போட்டு மாட்டிய ஈயக் கீல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் பரப்பு தாராளமாகப் போதும். கேபிளின் லக்கைக் கீல் போல்டின் நட்டுக்கு மேலே தனி நட்டு, வாஷர் வைத்து மாட்டுங்கள். கீலைத் தாங்கும் நட்டைத் தளர்த்தக் கூடாது. லக் எப்போதும் படகின் அடியில் தேங்கும் பில்ஜ் நீருக்கு மேலே நிற்க வேண்டும். அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது கீலில் ஒரு நாணயம் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, போல்டுக்கும் ஈயத்துக்கும் இடையே கீழே சொல்லும் முறையில் அளந்து பாருங்கள். இரும்புக் கீலில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. போல்ட் மறைக்குள் துரு ஏறித் தொடர்பு போயிருக்கலாம்.

வெஸ்ட்செயில் 32 போன்ற படகுகளில், படகை நிமிர்த்தி வைக்கும் பாரம் ஃபைபருக்குள் அடைபட்டிருக்கும். உள்ளே ஈயம் இருந்தாலும் அது தண்ணீரைத் தொடாது. அதோடு கேபிளை இணைத்தால் மின்னல் ஃபைபரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். இங்கே வெளிப்புறத் தகடு தேவை: செம்பு, வெண்கலம் அல்லது மோனல் (நிக்கல்-செம்புக் கலவை), கடல்நீரில் குறைந்தது ஒரு சதுர அடி, அதாவது சுமார் 900 ச.செ.மீ.; தடிமன் 5 மி.மீ. பாய்மரத்துக்கு நேர் கீழே, படகு எவ்வளவு சாய்ந்தாலும் நீருக்குள் இருக்கும்படி பொருத்துங்கள். பெயின்ட் பூசாதீர்கள். மின்னோட்டம் தகட்டின் ஓரங்கள் வழியேதான் அதிகம் வெளியேறும் என்பதால், சதுரத் தகட்டைவிட 10 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளம் கொண்ட பட்டை மேலானது.

நுண்துளை வெண்கலத் தகடுகள் சிலவற்றின் பெட்டியில், துளைகளையும் சேர்த்துப் பல சதுர அடிப் பரப்பு என்று எழுதியிருக்கும். அது ரேடியோவின் எர்த்துக்குப் பொருந்தலாம். மின்னலுக்கு வெளி அளவை மட்டும் கணக்கில் எடுங்கள். சீகாக் ஒன்றை மட்டும் எர்த்தாக வைத்திருந்தால் அதை இன்றே மாற்றுங்கள். மின்னல் அதைப் பிடுங்கி எறிந்தால் படகில் ஓட்டைதான் மிஞ்சும்.

ஏரியிலோ ஆற்றிலோ ஓடும் படகுக்கு ஒரு சதுர அடி போதவே போதாது. நன்னீர் கடல்நீரைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் யூவன் தாம்சன் 1991இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். நன்னீரில் பாய்மரம் மட்டுமன்றிச் செயின்பிளேட்களில் இருந்தும் பாதை இறக்கி, நீர்மட்டத்தை ஒட்டிக் கூடுதல் மின்முனைகள் வைக்க வேண்டியிருக்கும்.

உண்மையான சோதனை: மின்னோட்டம் செலுத்தி அளப்பது

மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்பிப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகாதீர்கள். பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலே பீப் அடித்துவிடும். அறுந்த கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும், துருவேறிய போல்டிலும் அது அடிக்கும். சாதாரண ஓம் அளவீட்டிலும், மீட்டரின் வயர்களுக்கே 0.2 ஓம் இருப்பதால் உண்மை தெரியாது. 30,000 ஆம்பியர் பாயும்போது அந்த 0.2 ஓம் 6,000 வோல்ட் ஆகும்.

செய்முறை இது. பேட்டரியின் பாசிட்டிவ், ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, பிறகு நீண்ட வயர் வழியாக உச்சியிலுள்ள கம்பி. கீல் போல்டிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வயர். பல்பு எரியும்போது பாதையில் சுமார் 4.5 ஆம்பியர் ஓடும். மீட்டரை மில்லிவோல்டில் வைத்து, அதன் ஒரு முனையை இரண்டாவது நீண்ட வயரால் உச்சி வரை நீட்டி, முனைகளை பேட்டரி கிளிப்களின்மேல் வைக்காமல், அவற்றுக்கு உட்பக்கமாக உலோகத்தின்மேல் நேராக அழுத்துங்கள். முதலில் பல்பை அணைத்துவிட்டு ஒரு முறை அளங்கள். ஈரமான இணைப்பில் வெவ்வேறு உலோகங்கள் தாமே சில மில்லிவோல்ட் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வர வேண்டும்? 25 ச.மி.மீ. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 0.75 மில்லி ஓம். 2 மீட்டர் கேபிளில் 7 மில்லிவோல்ட் அளவு இறங்கும். ஒரு இணைப்பின் தடை இரண்டு அடி கேபிளின் தடையைத் தாண்டக் கூடாது என்பது விதி. 4 கேஜுக்கு அது 0.5 மில்லி ஓம், நம் சோதனையில் 2 மில்லிவோல்டுக்குச் சற்று மேல். அலுமினியப் பாய்மரத்தில் இறங்குவது 1 அல்லது 2 மில்லிவோல்ட்தான். ஆக, உச்சியிலிருந்து கீல் போல்ட் வரை மொத்தம் 20 மில்லிவோல்டுக்குள் வந்தால் பாதை நல்லது. 100 வந்தால் எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. பல்பை எரியவிட்டபடியே மீட்டரின் ஒரு முனையை ஒவ்வோர் இணைப்பையும் தாண்டி நகர்த்திக்கொண்டே வாருங்கள்: கம்பியிலிருந்து பாய்மரம், பாய்மரத்திலிருந்து லக், லக்கிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து போல்ட். எண் திடீரென்று தாவும் இடம்தான் குற்றவாளி. கையால் கேபிளை அசைத்தும் பாருங்கள். எண் ஆடினால் கிரிம்ப் தளர்ந்திருக்கிறது.

பக்கவாட்டுத் தாவல்

பாதை நன்றாக இருந்தாலும், அதன் அருகிலுள்ள பெரிய உலோகத்துக்கு மின்னல் காற்றில் தாவும். முன்பு சொன்ன அந்த 10,000 வோல்ட்தான் காரணம். முதன்மைக் கேபிளிலிருந்து 1.8 மீட்டருக்குள் உள்ள பெரிய உலோகங்களை 6 கேஜ் (மெட்ரிக்கில் 16 ச.மி.மீ.) கேபிளால் எர்த்தோடு இணையுங்கள்: செயின்பிளேட்கள், உலோக டாங்குகள், எஞ்சின், முன்பின் கைப்பிடிக் கம்பிச் சட்டங்கள். ரேடியோ ஆன்டெனாவுக்காகப் பின்வடத்தில் இன்சுலேட்டர் போட்டிருந்தால் அந்த வடம் பாதையில் சேராது என்று படத்தில் குறியுங்கள்.

செயின்பிளேட்கள் பழைய படகுகளில் அலமாரிக்குப் பின்னே மறைந்திருக்கும். லக் மாட்ட அதைத் திறக்கும்போதே போல்ட்களில் விரிசல், பழுப்புக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சீகாக்குகளும் பச்சை வயர்களும்

வெண்கலச் சீகாக்குகளைச் சேர்க்கும் பச்சை வயர், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டியின் பாதுகாப்பை எல்லாவற்றுக்கும் பகிர்ந்து தருகிறது. அதில் எது அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மின்முனை முறைதான் விரைவானது. சில்வர் குளோரைடு மின்முனையைப் படகருகே நீரில் தொங்கவிட்டு மீட்டரின் கறுப்பு முனையோடு இணையுங்கள். சிவப்பு முனையால் ஒவ்வொரு சீகாக்கின் உலோகத்தையும் தொடுங்கள். இணைந்திருப்பவை எல்லாம் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். ஃபைபர் படகில் அது மைனஸ் 0.55க்கும் மைனஸ் 1.1 வோல்டுக்கும் இடையே இருக்க வேண்டும். எல்லாம் மைனஸ் 0.75 காட்டும்போது ஒன்று மட்டும் மைனஸ் 0.28 காட்டினால் அதன் வயர் அறுந்திருக்கிறது. அந்த வெண்கலம் தனியாக நிற்கிறது. எல்லாமே மைனஸ் 0.3 பக்கம் என்றால் துத்தநாகம் தீர்ந்துவிட்டது.

அப்படியே பில்ஜ் பம்ப், விளக்கு, ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். ஏதாவது ஒன்றைப் போட்டதும் எண் பாசிட்டிவ் பக்கம் தாவினால் அந்தச் சுற்றில் கசிவு இருக்கிறது. சீகாக்கைச் சில வாரங்களில் தின்றுவிடக்கூடிய கோளாறு இது. மின்னலைவிட இதற்கு முதலிடம் கொடுங்கள்.

இந்த வலையை மின்னல் எர்த்தோடு ஒரே ஒரு இடத்தில், கீல் போல்டுக்கு அருகே இணையுங்கள். முதன்மைக் கேபிள் சீகாக் வழியாகவோ டி.சி. பஸ்பார் வழியாகவோ சுற்றிப் போகக் கூடாது. மரப்படகாக இருந்தால் துத்தநாகத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அதிகப் பாதுகாப்பில் உண்டாகும் காரம் உலோகத்தைச் சுற்றியுள்ள மரத்தையே கூழாக்கிவிடும்.

கரை மின்சாரத்தின் எர்த்

அரிப்பைத் தடுக்க என்று சொல்லிக் கரை மின்சாரத்தின் பச்சை வயரை வெட்டி வைத்திருக்கும் படகுகள் உண்டு. உயிரைப் பறிக்கும் வேலை அது. உள்ளே ஏதாவது கருவி பழுதானால் மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். நன்னீர்த் துறையில் அருகே நீந்துபவர் உடல் செயலிழந்து மூழ்கிவிடுவார். ஏ.சி. எர்த் டி.சி. நெகட்டிவோடு ஒரே புள்ளியில், வழக்கமாக எஞ்சினருகே, இணைந்திருக்க வேண்டும். அரிப்புக்கு மருந்து, பச்சை வயர் வழியே ஓடும் சிறு அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் எஞ்சினுக்கும் இடையே அளங்கள். ஐசோலேட்டர் இல்லையென்றால் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். இருந்தால் மீட்டரை டயோடு சோதனையில் வையுங்கள். இரு திசையிலும் சுமார் 0.9 வோல்ட் காட்டும், உள்ளே கெபாசிட்டர் இருந்தால் மெல்ல ஏறி அங்கே நிற்கும். பூஜ்யம் என்றால் டயோடு ஷார்ட் ஆகிவிட்டது. எதுவும் காட்டாவிட்டால் எர்த்தே இல்லை. சரிசெய்யும் வரை பிளக்கை மாட்டாதீர்கள். அருகில் மின்னல் விழுந்த பிறகு இந்தச் சோதனையைக் கட்டாயம் திரும்பச் செய்யுங்கள்.

புயல் மேகம் கூடும்போது

வி.எச்.எஃப். கோஆக்ஸைக் கழற்றி ரேடியோவிலிருந்து தள்ளி வையுங்கள். கரை மின்சாரத்தைக் கழற்றுங்கள். கையடக்க ரேடியோவையும் ஜி.பி.எஸ்.ஸையும் அடுப்பின் ஓவனுக்குள் வைப்பது ஓரளவு உதவும். ஆட்கள் பாய்மரம், வடக்கம்பி, சுக்கான் சக்கரம் மூன்றையும் விட்டு விலகி இருக்க வேண்டும். இரண்டு கைகளால் இரண்டு உலோகங்களை ஒரே நேரத்தில் தொடக் கூடாது. கார் ஜம்பர் கேபிளை வடக்கம்பியில் மாட்டித் தண்ணீரில் தொங்கவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் கிளிப் தொடும் பரப்பும், தண்ணீரில் கிடக்கும் உலோகத்தின் பரப்பும் மிகச் சிறியவை. ஒன்றுமில்லாத படகில் அவசரத்துக்கு வைக்கலாம். சரியான பாதைக்கு அது மாற்றாகாது.

மின்னல் விழுந்துவிட்டால், முதலில் ஆட்களைப் பாருங்கள். மயங்கியவருக்கு மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சழுத்த முதலுதவி தொடங்குங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அடுத்து பில்ஜும் சீகாக்குகளும். மரக்குச்சி அடைப்பான்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நீர்மட்டத்தை ஒட்டி உட்புறமாக டார்ச் அடித்து, ஊசித்துளை போன்ற கசிவுகளைத் தேடுங்கள். காந்தத் திசைகாட்டி பல பாகை விலகியிருக்கக் கூடும். தெரிந்த இரண்டு கரை அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை நம்பி ஓட்டாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் படகைக் கரையேற்றி, கீலையும் அடித்தளத்தையும் பார்த்து, பல்பு சோதனையை உச்சியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.